பனி மஞ்சளாகிவிட்டதா, சறுக்குகிறவர்கள் மறைகிறார்களா? பழைய பனிக்கால ஓவியத்தில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

நெதர்லாந்தில் ஓவியங்களுக்குச் சட்டம் போடும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். மார்ச் மாதம் பிறந்தால் ஒருவர் பின் ஒருவராக வந்துவிடுவார்கள். கையில் போர்வை சுற்றிய ஒரு படம், பிரித்தால் உறைந்த கால்வாய், ஒரு காற்றாலை, இலையில்லாத மரம், பனிமேல் சறுக்கும் ஜனம். தாத்தா வீட்டில் இருந்தது, அம்மாவுக்குப் பிறகு எங்களுக்கு வந்தது, குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடியது, இப்போது இப்படி ஆகிவிட்டது என்பார்கள். அநேகமாக எல்லோரும் இதே வரிசையில்தான் சொல்கிறார்கள்.

வருகிற படங்களில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டுப் படங்கள். ஆண்ட்ரியாஸ் ஸ்கெல்ஃப்ஹவுட், சார்லஸ் லெய்க்கர்ட் போன்றவர்கள் பெயர் வாங்கிய பாணியில் யார் யாரோ வரைந்தவை. அபூர்வமாக 17-ஆம் நூற்றாண்டு ஓக் பலகை ஒன்று வரும். எதுவானாலும் கோளாறு அதே ஏழெட்டுதான். விலை எவ்வளவு போகும் என்பதைவிட அந்தப் படம் இன்னும் ஐம்பது வருஷம் தாங்குமா என்பதே எனக்குக் கவலை. இங்கே பதினோரு ஊர்களைச் சுற்றிவரும் சுமார் 200 கிலோமீட்டர் சறுக்குப் போட்டி கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4-ஆம் தேதி. அதற்கப்புறம் அந்தப் பாதை முழுக்க ஆள் தாங்கும் அளவுக்கு ஒரு குளிர்காலத்திலும் உறையவில்லை. அப்படிப்பட்ட பனியை இப்போதுள்ள பிள்ளைகள் பார்ப்பது சுவரில் மாட்டிய படத்தில்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் படத்தில் பெரும்பாலும் வானத்தையும் பனியையும் முதலில் முடித்துவிட்டு, ஆட்களை அதன்மேல் மெல்லிய தூரிகையால் கடைசியில் வைப்பார்கள். சறுக்குகிறவரின் கால், கையிலுள்ள கோல், சிவப்புச் சால்வை எல்லாம் ஒரே ஒரு இழுப்பு, அதற்கு அடியில் தாங்கிப் பிடிக்க இரண்டாவது பூச்சு கிடையாது. அதனால் படத்தில் எதைத் தேய்த்தாலும் முதலில் போவது அந்த ஆட்கள். ஈரத்துணி, சோப்பு, கண்ணாடி துடைக்கும் திரவம், உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டி, எச்சில் தொட்ட பஞ்சு எதுவுமே படத்தின்மேல் படக்கூடாது. கீழே சொல்லப்போகிற எல்லாச் சோதனைகளும் தொடாமல் செய்கிறவைதான், தொடவேண்டிய ஓரிரு இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

## எதற்கும் முன்பு: கழற்றுங்கள், மூன்று விதமாகப் பாருங்கள்

ஒரு டார்ச், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அறையின் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், மேக்கப் போட வைத்திருப்பதுபோன்ற மெத்தென்ற புது பிரஷ் ஒன்று, போன் கேமரா. இவ்வளவு போதும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது, ஆனால் அதைக் கண்ணில் அடித்துக்கொள்ளாதீர்கள்.

மேசைமேல் சுத்தமான துணி விரித்து, படத்தை முகம் மேலே இருக்கும்படி வையுங்கள். முதலில் பகல் வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள். அப்புறம் அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு ஒட்டினாற்போல் பிடித்து, பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் தவழ்ந்து வரும்படி பாருங்கள். பெயின்ட் எங்கே எழும்பி நிற்கிறது, பலகை எங்கே வளைந்திருக்கிறது என்பதெல்லாம் நிழலோடு தெரியும். மூன்றாவது, பெயின்ட் உதிரவில்லை என்று தெரிந்த பிறகு, பின்பக்கம். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸை எடுத்ததும் முதலில் வானத்தில் ஓர் இடத்தைப் பாருங்கள். ஒரே அளவான புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சடித்த படம், மேலே வார்னிஷ் பூசி ஓவியம்போல் காட்டியிருக்கிறார்கள். பனிக்காலக் காட்சிகளுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பீட்டர் புரூகல் 1565-இல் வரைந்த, சறுக்குகிறவர்களும் பறவைப் பொறியும் உள்ள படத்துக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கைப்பிரதிகள் இருக்கின்றன என்றால் அச்சுப் பிரதிகளைக் கேட்கவே வேண்டாம். அச்சுப் படம் என்றால் சீரமைப்பாளருக்குச் செலவழிக்க வேண்டாம், சட்டத்தைத் துடைத்து மாட்டிவிடுங்கள். அதைப் பிடித்துப்போய் மாட்டியிருந்தால் அப்படியே பிடித்திருக்கட்டும்.

## பனியும் வானமும் மஞ்சளாக, டீ சிந்திய மாதிரி இருக்கிறது

அதிகம் வருகிற புகார் இதுதான், கை வைத்துக் கெடுத்த படங்களும் இதில்தான் அதிகம்.

பல்பா? சிரிக்க வேண்டாம், நிஜமாகவே சொல்கிறேன். வீட்டுப் பல்புகள் பெரும்பாலும் மஞ்சள் சாயல் உள்ளவை. வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் பகல் 11 மணிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே பனி வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் படத்தில் கோளாறு இல்லை, பல்பை மாற்றுங்கள்.

ஓவியர் அப்படித்தான் வரைந்தாரா? 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆர்ட் வான் டெர் நேர் பனியின்மேல் மாலை வெயில் விழுவதை விரும்பி வரைந்தவர். அவர் வழியில் வந்த படத்தில் பொன்னிறம் இருக்கத்தான் செய்யும். ஹெண்ட்ரிக் ஆவர்காம்பின் பனியிலும் மெல்லிய இளஞ்சிவப்பு ஓடும். கண்டுபிடிக்க எளிய வழி: படத்தில் பளிச்சென்ற வெள்ளையாக இருந்தே தீரவேண்டிய ஒன்றைத் தேடுங்கள், ஒரு பெண்ணின் கழுத்துப் பட்டியோ தலைத்துணியோ. வானமும் அந்தத் துணியும் ஒரே மஞ்சள் என்றால் அது மேலே படிந்தது. துணி வெள்ளை, வானம் மட்டும் பொன்னிறம் என்றால் ஓவியர் கொடுத்த நிறம்.

தூசியும் புகையுமா? சட்டத்தைக் கழற்றினால் அதற்கு அடியில் மறைந்திருந்த ஒரு விரல் அகல ஓரம் தெரியும். அந்த ஓரம் வெளுப்பாகவும் நடுப்பகுதி அழுக்காகவும் இருந்தால் வீட்டுப் புகை, சிகரெட், கணப்பு அடுப்பு இவற்றின் வேலையாக இருக்கலாம். பெயின்ட் எங்கும் எழும்பவில்லை என்று பக்கவாட்டு டார்ச்சில் உறுதி செய்துகொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தட்டிவிடலாம். நீங்கள் கைவைக்கக்கூடியது இவ்வளவுதான். எழும்பியிருந்தால் இதுவும் வேண்டாம்.

வார்னிஷா? பழைய மரப்பிசின் வார்னிஷ் வயதாக ஆக மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். ஓரமும் நடுவும் ஒரே மஞ்சள் என்றால் அநேகமாக இதுதான். சில சமயம் சட்டத்தோடு வைத்தே வார்னிஷ் அடித்திருப்பார்கள், அப்போது ஓரம் வெளுத்துத் தெரிந்து குழப்பும். புற ஊதா டார்ச் அடித்தால் பழைய பிசின் வார்னிஷ் மங்கிய பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சையில் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள் தெரிந்தால் அவை பின்னால் யாரோ பூசிச் சரிசெய்த இடங்கள், அதையும் போட்டோ எடுங்கள்.

வார்னிஷ் என்று தெரிந்த நிமிஷமே நிறுத்திவிடுங்கள், மேற்கொண்டு சீரமைப்பாளர் வேலை. வார்னிஷைக் கரைக்கிற திரவம் அதற்கு அடியில் உள்ள மெல்லிய பழுப்புப் பூச்சையும் கரைக்கலாம், எங்கே நிறுத்துவது என்பதுதான் அவர்கள் வருஷக்கணக்கில் படித்துக் கற்கும் தொழில். போன வருஷம் ஒருவர் கொண்டுவந்த பலகையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பனி பளபளவென்று வெள்ளை. கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அங்கே மட்டும் துடைத்துப் பார்த்திருக்கிறார், எவ்வளவு அழகாக வருகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். லென்ஸில் பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் ஓர் ஆள், தொப்பி இருந்தது, நீலக் கோட்டு இருந்தது, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கோட்டின் விளிம்பில் பழுப்பு நிறம் கொஞ்சம் இழுபட்டு நின்றது, அவ்வளவுதான். அந்தப் பஞ்சையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பழுப்புதான் கால்.

வானம் மஞ்சளில்லை, நீலமே இல்லாமல் சாம்பலாக இருக்கிறது என்றால்? 17-ஆம் நூற்றாண்டுப் படமாக இருந்தால் அது ஸ்மால்ட்டாக இருக்கலாம். கோபால்ட் சேர்த்த நீலக் கண்ணாடியை அரைத்துச் செய்த பொடி அது, எண்ணெயில் குழைத்தால் காலப்போக்கில் நீலம் போய்ச் சாம்பலாகிவிடும். எந்தச் சுத்தமும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. யாராவது கொண்டுவருகிறேன் என்றால் படத்தைக் கொடுக்காதீர்கள்.

## சறுக்குகிறவர்களின் உடம்பு வழியே பனி தெரிகிறது

ஆட்கள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டார்கள், பின்னாலிருக்கும் அடிவானக் கோடு அவர்கள் வயிற்றின் குறுக்கே ஓடுகிறது. பார்க்கிறவர்களுக்கு இது பெரிய கவலை தரும். பாதிக்கு மேல் இதில் கவலைப்பட ஒன்றுமே இருக்காது.

முதலில் வெளிச்சம். பளபளப்பான வார்னிஷில் ஜன்னல் எதிரொளித்தால் கறுத்த ஆட்கள் வெளுத்துத் தெரிவார்கள். படத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், சரியாகிவிடும்.

அடுத்தது வயது. எண்ணெய்ப் பெயின்ட் நாளாக நாளாக ஒளி ஊடுருவக்கூடியதாக மாறும், ஈய வெள்ளை கலந்த பூச்சு முக்கியமாக. முந்நூறு நானூறு வருஷம் ஆன படத்தில் அடிவானம் ஆட்களின் ஊடே தெரிவதும், பென்சில் கோடுபோன்ற அடிவரைவு தெரிவதும் இயல்பு. ஆவர்காம்ப் சுமார் 1608-இல் வரைந்து இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் பெரிய பலகையின் முன்னால் வாய்ப்பிருந்தால் ஒருமுறை நில்லுங்கள். 77 சென்டிமீட்டர் உயரம், 132 சென்டிமீட்டர் அகலம், அதற்குள் ஒரு ஊரே பனிமேல் இருக்கிறது. விழுந்தவர், தூக்கிவிடுகிறவர், கோல்ப் என்ற, கோலால் பந்தடிக்கும் பழைய ஆட்டம் ஆடுகிறவர், இடது கீழ் மூலையில் பழைய கதவை ஒரு குச்சியால் முட்டுக்கொடுத்து வைத்த பறவைப் பொறி. ஆவர்காம்ப் வாய் பேச முடியாதவர், காம்பன் ஊரில் அவரை 'காம்பன் ஊமையர்' என்றே அழைத்திருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு ஆளையும் எவ்வளவு கவனித்திருக்கிறார், எவ்வளவு குறைந்த பெயின்ட்டில் நிறுத்தியிருக்கிறார் என்று கிட்டே போய்ப் பார்த்தால், உங்கள் வீட்டுப் படத்தில் ஏன் எதையும் தேய்க்கக்கூடாது என்பதை நான் சொல்லவே வேண்டியதில்லை.

அதேபோல யான் வான் கோயன் பாணிப் படங்களில் பலகையின் மரக்கோடுகளே பெயின்ட் வழியே தெரியும். அவர் மெலிதாக வரைந்து மரத்தின் நிறத்தையே பயன்படுத்திக்கொண்டார். வயதானதால் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். தேய்ந்துவிட்டது என்று நினைத்து விடாதீர்கள்.

மூன்றாவதுதான் நிஜமான சேதம்: முன்பு யாரோ அழுத்திச் சுத்தம் செய்தது. இதை லென்ஸில் பிரித்துவிடலாம். நிறம் பள்ளங்களில் மட்டும் தங்கி, மேடுகளில் போயிருந்தால் தேய்த்திருக்கிறார்கள். மேடு பள்ளம் எங்கும் சீராக மெலிந்து தெரிந்தால் வயது. கேன்வாஸ் படத்தில் நெசவின் முடிச்சுகள் வெளுத்த புள்ளிகளாகத் தெரிவதும் தேய்ப்பின் அடையாளம்.

தேய்ந்தது திரும்பாது. சீரமைப்பாளர் மேலே நிறம் தொட்டு ஆளைத் திரும்பத் தெரியவைக்கலாம். நல்லவராக இருந்தால் பின்னால் எடுத்துவிடக்கூடிய நிறத்தில்தான் தொடுவார். நேரம் பிடிக்கும், செலவும் ஆகும். என்னைக் கேட்டால் மங்கிய ஆளை மங்கியபடியே விடுங்கள், முகமோ கையோ முழுசாகப் போய்ப் பார்வையை உறுத்தினால் மட்டும் யோசியுங்கள்.

## வெள்ளைப் படலம், பால் ஆடை மாதிரி

கறுத்த மரங்களிலும் கரையோரப் படகுகளிலும்தான் முதலில் கண்ணில் படும். பனியில் இருந்தால் பனியென்றே நினைத்துவிடுவோம்.

கண்ணாடி போட்ட படமா? கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருக்கலாம், கழற்றிக் கண்ணாடியை மட்டும் துடைத்து நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

கண்ணாடி இல்லையென்றால் அது எங்கே மாட்டியிருந்தது என்று பாருங்கள். வெளிச்சுவர் குளிர்காலத்தில் ஜில்லென்று இருக்கும், அதில் ஒட்டினாற்போல் படம் இருந்தால் பின்னால் ஈரம் கோத்துக்கொண்டு வார்னிஷ் பூத்துப்போகும், அதாவது பால்போல் வெளுத்துவிடும். உள்சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகட்டும். ஈரப்பத மீட்டர் 40-க்கும் 60-க்கும் இடையில், அதிகம் ஏறி இறங்காமல் நின்றால் போதும். இதற்குமேல் பூத்தல் பரவாது. ஆனால் ஏற்கெனவே பூத்தது தானாகப் போகாது, வார்னிஷ் வேலையோடு சேர்த்து நிபுணரிடம்தான்.

படலம் சீராக இல்லாமல் புள்ளி புள்ளியாக, லென்ஸில் பஞ்சுபோல் இழை இழையாகத் தெரிந்தால் பூஞ்சை. மண்வாசனை மாதிரி வீச்சமும் வரும். மாஸ்க் போட்டுக்கொண்டு படத்தை மற்றப் படங்களிடமிருந்து பிரித்து, உலர்ந்த, காற்றோட்டமான அறையில் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், வீட்டுக்குள் பிரஷ்ஷால் தட்டவும் வேண்டாம், வித்துகள் வீடு முழுக்கப் பரவும். நிபுணரைக் கூப்பிட்டுவிட்டுச் சுவர் ஏன் ஈரமாயிருக்கிறது என்று பாருங்கள், சுவரைச் சரிசெய்யாமல் படத்தைச் சரிசெய்தால் அடுத்த குளிரில் அதே கதை.

## விரிசல்

விரிசலைப் பார்த்ததும் பதறுகிறவர்கள் உண்டு, பத்து வருஷமாகப் பார்த்தும் பேசாமல் இருக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறாகப் போகலாம். அகலத்தையும் நீளத்தையும் விட விளிம்புதான் முக்கியம். பக்கவாட்டு டார்ச்சில் விளிம்பு படிந்திருக்கிறதா, எழும்பியிருக்கிறதா?

மெல்லிய வலைபோல் படம் முழுக்க, விளிம்பு தட்டையாக. வயது. விட்டுவிடுங்கள்.

சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக ஓர் இடத்தில் மட்டும். கேன்வாஸின் பின்னாலிருந்து எதுவோ இடித்திருக்கிறது, நாற்காலி முனையோ முழங்கையோ. விளிம்பு படிந்திருந்தால் அவசரமில்லை. பின்பக்கம் ஒரு பாதுகாப்பு அட்டை போடச் சொல்லுங்கள், எங்களைப்போன்ற பட்டறையிலேயே செய்துவிடுவோம். அட்டை சட்டத்தில்தான் பதியவேண்டும், கேன்வாஸைத் தொடக்கூடாது.

முதலைத்தோல் மாதிரி அகலமான வெடிப்பு, கறுத்த பகுதிகளில், இடுக்கில் வேறு நிறம் தெரிகிறது. 19-ஆம் நூற்றாண்டில் தார் கலந்த பழுப்பு நிறம் பிரபலம், அது சரியாகக் காயவே காயாது. மேலே உள்ளது சுருங்கி இப்படிப் பிளந்துகொள்ளும். அசிங்கமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. வெப்பம் மட்டும் படவிடாதீர்கள்.

பனியின் வெள்ளைப் பகுதியில் கூர்மையான வெடிப்பு, துண்டு துண்டாகப் பிரிகிற மாதிரி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு வரைந்த படம் என்றால் துத்தநாக வெள்ளை என்று சந்தேகப்படலாம். அது காலப்போக்கில் விறைத்து, அப்பளம்போல் உடையும், அடிப்பூச்சை விட்டுப் பிரியும். பனிக்காலப் படத்தில் பாதிக்கு மேல் வெள்ளை என்பதால் இது இருந்தால் நிறையவே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

விளிம்பு கிண்ணம்போல் மேலே சுருண்டு நிற்கிறது, அல்லது சட்டத்தின் கீழ் ஓரத்தில் பொடித் துணுக்குகள் கிடக்கின்றன. அதே நாளில் நிபுணருக்குப் போன். அதுவரை படத்தை இரண்டு பேராக இறக்கி, முகம் மேலே பார்க்கப் படுக்கவையுங்கள். உதிர்ந்த துணுக்குகள் அரிசி நொய் அளவே இருந்தாலும் குப்பையில் போடாதீர்கள். ஒரு தாளில் எடுத்து உறையில் போட்டு, எந்த இடத்துக்குக் கீழே கிடந்தது என்று எழுதுங்கள். அந்த நொய்யில் ஒருவர் தொப்பி இருக்கலாம். பசையால் நீங்களே ஒட்டப் பார்க்காதீர்கள், அதை எடுக்க ஆகும் செலவு உதிர்ந்ததை ஒட்டும் செலவைவிட அதிகம்.

## பலகை வளைந்துவிட்டது, அல்லது பிளந்துவிட்டது

ஹீட்டர் ஓடும் மாதங்களில் இங்கே வீட்டுக்குள் காற்று மிகவும் உலர்ந்துபோகும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்கே சுருங்கும். முன்பக்கம் பெயின்ட் இருப்பதால் ஈரம் பின்பக்கமாகத்தான் போய்வரும், அதனால்தான் பழைய பலகைகள் நடுவில் புடைத்து வளைகின்றன.

சட்டத்துக்குள் பலகை ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். லேசாக ஆடினால் நல்லது. ஆணியோ இரும்புப் பட்டையோ இறுக்கிப் பிடித்திருந்தால் சுருங்க இடமில்லாமல் பிளக்கும். இறுக்கத்தைத் தளர்த்துவது ஃபிரேம் கடை வேலைதான், அதிகச் செலவில்லை. அடுத்தது மாட்டிய இடம்: ரேடியேட்டருக்கு மேலே, கணப்புக்கு மேலே என்றால் இன்றைக்கே இறக்குங்கள். இதமான அறையிலேயே, ஆனால் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள், குளிர்ந்த பரணுக்குத் திடீரென மாற்றாதீர்கள். வளைவின் நடு உயரத்தை வாரம் ஒருமுறை அளவுகோலால் அளந்து எழுதி வாருங்கள். வசந்த காலத்தில் ஈரப்பதம் ஏறியதும் பல பலகைகள் தாமாகவே பாதி இறங்கிவிடும்.

பின்பக்கம் மரச்சட்டங்கள் கட்டம் கட்டமாக அடித்திருக்கிறதா? பழைய காலத்தில் வளைவை நிமிர்த்த இப்படிச் செய்வார்கள். குறுக்குச் சட்டங்கள் நகரவேண்டும், அழுக்கு ஏறி இறுகிப்போனால் பலகை விரியவும் முடியாமல் சுருங்கவும் முடியாமல் வெடிக்கும். இதைச் சுத்தியால் தட்டி நகர்த்தப் பார்க்காதீர்கள், இது பலகை தெரிந்த சீரமைப்பாளர் வேலை, எல்லாச் சீரமைப்பாளரும் செய்வதில்லை.

வளைந்த பலகையின்மேல் புத்தகங்களை அடுக்கி நிமிர்த்துவது வேண்டவே வேண்டாம். ஒரு தம்பதி அப்படிச் செய்து மூன்றாம் நாள் இரவில் சத்தம் கேட்டதாம், சுள்ளி ஒடிகிற சத்தம். அடிவானத்துக்குக் கீழே இடமிருந்து வலமாகப் பிளவு, சறுக்கிக்கொண்டிருந்தவர்களைக் கணுக்காலோடு வெட்டிக்கொண்டு போயிருந்தது. பிளவு பெயின்ட்டைக் கடந்து வந்துவிட்டால் இரண்டு துண்டையும் அசைக்காமல் ஒரு பலகையின்மேல் வைத்துக் கொண்டுபோங்கள். மரப்பசை போடாதீர்கள், பிளவின் விளிம்பில் ஒட்டிய பசை இருந்தால் மறுபடி நேராகச் சேர்க்கவே முடியாது.

## கேன்வாஸ் தொய்ந்திருக்கிறது, கீழே புடைப்பு

கீழ் ஓரத்தில் மட்டும் புடைப்பு என்றால் பத்தில் ஒன்பது முறை பின்னால் ஏதோ விழுந்து மாட்டியிருக்கிறது. மூலைகளில் செருகும் மர ஆப்பு, பழைய ஆணி, சுவர்க் காரை. பின்பக்கம் பாருங்கள். பெயின்ட் உறுதியாக இருந்தால் படத்தை நிமிர்த்திப் பிடித்தபடி, வளையக்கூடிய அட்டைக் கீற்றால் மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள், கத்தி, ஸ்குரூடிரைவர் வேண்டாம்.

படம் முழுக்கத் தொய்வு என்றால் ஈரப்பதத்தைப் பாருங்கள், மழைக்காலத்தில் தொய்ந்து உலர்ந்ததும் இறுகுவது சகஜம். எப்போதும் தொய்வாகவே இருந்தால் ஆப்புகளை இறுக்கவேண்டும். பழைய கேன்வாஸ் என்றால் நீங்கள் செய்யாதீர்கள், ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பெயின்ட் வெடிக்கும். பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் இறுகும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. இறுகும், பிறகு பெயின்ட்டை உதறிவிடும்.

## பின்னால் மாவுபோல் பொடி கொட்டுகிறது

உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் புழு. 1 முதல் 2 மில்லிமீட்டர் வட்டத் துளைகள். பழைய துளைகள் மட்டும் என்றால் பயமில்லை. ஒரு கறுப்புத் தாளைப் படத்துக்கு அடியில் வைத்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், வெளுத்த புதுப் பொடி இருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. சட்டத்தில்தானா, பலகையிலுமா என்று பிரித்துப் பாருங்கள். சட்டம் மட்டும் என்றால் படத்தைக் கழற்றிவிட்டுச் சட்டத்துக்கு மருந்து போடலாம். பலகை என்றால் திரவ மருந்து எதுவும் வேண்டாம், பெயின்ட் பக்கம் ஊறிவிடும். ஆக்ஸிஜனை வெளியேற்றிய உறையில் சில வாரங்கள் வைத்துக் கொல்லும் முறை உண்டு, சீரமைப்பாளர்கள் ஏற்பாடு செய்வார்கள்.

## கையெழுத்து மட்டும் மற்றதோடு ஒட்டவில்லை

லென்ஸில் பாருங்கள். விரிசல் கையெழுத்தைப் பிளந்துகொண்டு போகவேண்டும். கையெழுத்தின் பெயின்ட் விரிசலுக்குள் வழிந்து இறங்கியிருந்தால் படம் விரிசல் விட்ட பிறகு போட்ட கையெழுத்து. புற ஊதாவில் வார்னிஷுக்கு மேலே கறுப்பாக மிதந்தாலும் சந்தேகம்தான். ஆவர்காம்பின் H, A இரண்டையும் பின்னிய சுருக்கக் கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். சீரமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சுத்தம் செய்யும்போது அது கரைந்து போகக்கூடும், போனால் அவர்மேல் பழி வேண்டாம்.

## நிபுணரிடம் போகும்போது

பெயின்ட் எழும்பியிருக்கிறது, உதிர்கிறது, பூஞ்சை, பிளவு: இந்த நான்கில் ஒன்று என்றால் காத்திருக்க வேண்டாம். வார்னிஷும் தேய்மானமும் அடுத்த வருஷம்வரைகூடக் காத்திருக்கும், பணம் சேர்ந்ததும் போங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே படிப்பு இருக்கிறது. அப்படிப் படித்தவரா, பலகையில் செய்திருக்கிறாரா, கேன்வாஸிலா என்று கேளுங்கள். போனில் மட்டும் விலை சொல்கிறவரைவிட நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறவர் மேல். ஓரத்தில் சின்னதாக ஒரு சோதனைத் துண்டு சுத்தம் செய்து காட்டச் சொல்லுங்கள், என்ன செய்யப்போகிறார், என்ன செய்யமாட்டார் என்பதை எழுதி வாங்குங்கள். நீங்கள் எடுத்த போட்டோக்களையும் அந்தத் துணுக்கு உறையையும் மறக்காமல் கொடுங்கள். முன்பு ஏதாவது தேய்த்திருந்தால் என்ன திரவம் என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டார்கள். அது தெரிந்தால்தான் எதை முதலில் தொடக்கூடாது என்று அவர்களுக்குப் புரியும்.

எடுத்துப்போகும்போது குமிழி பிளாஸ்டிக் பெயின்ட்டின்மேல் படக்கூடாது, வார்னிஷில் வட்ட வட்டமாக அச்சு விழும். சட்டத்தோடு சேர்த்து மேலே ஓர் அட்டை வைத்து, அட்டை பெயின்ட்டைத் தொடாதபடி ஓரங்களில் முட்டுக்கொடுத்து, அதற்கு வெளியே போர்வை சுற்றுங்கள். காரில் பின் சீட்டை மடக்கி, முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்து, ஹீட்டரை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். குளிரும், கோட்டு போட்டுக்கொள்ளுங்கள்.